வாரினாள், வாரிக் கொண்டாள்!

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"எனக்கு வயது 62. மகளும் மாப்பிள்ளையும் ஸ்பெயின் தேசத்தில் மாட்ரிட் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். பேரனுக்கு ஆறு வயது. அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு அவன் வாயில் தமிழ் குறைந்து ஸ்பானிய பாஷை ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அவன் ஏதோ சொல்கிறான், நான் சிரிக்கிறேன், அவ்வளவுதான் பேச்சு. ஆகவே ஒரு பாடப் புத்தகம் வாங்கி நானே படிக்க ஆரம்பித்தேன். பத்துப் பாடம் ஓடிவிட்டது. பதினோராம் பாடத்தில் வினைச் சொல்லுக்கு முன்னால் 'மே, தே, சே' என்று என்னவோ வந்து நிற்கிறது. தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. 'இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை?' என்று வீட்டில் கேலி வேறு. புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிடட்டுமா?"

வேண்டாம் அம்மா, பரணில் போட வேண்டாம்! பத்துப் பாடம் தாண்டியவர் பதினோராவதில் நின்றுவிடலாமா? அதிலும், உங்களை நிறுத்தியிருக்கும் அந்தப் பாடம் தமிழ் பேசும் பெண்களுக்கு ரொம்பச் சொந்தமான பாடம். நீங்கள் காலையில் கண் விழித்ததிலிருந்து அதைத்தான் வாயால் சொல்லிக் கொண்டிருக்கிறீர்கள். மற்ற சகோதரிகளும் கூடவே வாருங்கள். ஸ்பானியம் படிக்கிற உத்தேசம் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது.

முதலில் தமிழைப் பார்ப்போம். "காலையில் தலை வாரினேன்" என்று ஒரு தாய் சொன்னால், யார் தலையை என்று கேட்கத் தோன்றுகிறது. பெண்ணுடைய தலையாக இருக்கலாம், தன் தலையாகவும் இருக்கலாம். "வாரிக் கொண்டேன்" என்று சொல்லட்டும், சந்தேகமே இல்லை, தன் தலைதான். "வாரிவிட்டேன்" என்றால் பிறத்தியார் தலை. ஒரே சீப்பு, ஒரே கை. வினைக்குப் பின்னால் ஒட்டிய சின்னச் சொல்தான் வேலை யார் பக்கம் போகிறது என்று காட்டுகிறது.

இலக்கணக்காரர்கள் இந்தக் 'கொள்' என்பதைத் துணைவினை என்பார்கள். பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகத்துக்கு வருகிறதா? அது வேறு கணக்கு. 'திருந்தினான்' தன்வினை, 'திருத்தினான்' பிறவினை. நாம் இங்கே பேசுவது, செய்தவருக்கே அந்தச் செயல் திரும்பி வருகிற வினையைப் பற்றி.

ஸ்பானியரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் 'கொள்' என்று ஒரு வால் வைக்காமல், வினைக்கு முன்னால் ஒரு சின்னக் கொம்பு வைத்துவிடுகிறார்கள். அந்தக் கொம்புதான் உங்களைப் பயமுறுத்திய 'மே, தே, சே'.

தலை வாருவதற்கு அவர்கள் சொல் 'பெய்னார்'. தன் தலையை வாரிக் கொள்வது 'பெய்னார்சே'. அகராதியில் ஒரு வினை இப்படிச் 'சே' என்று முடிந்திருந்தால், பக்கத்தில் 'கொள்' என்று பென்சிலால் எழுதி வையுங்கள், பெரும்பாலும் பொருந்திவிடும். இனி வாய்பாடு:

மே பெய்னோ – நான் வாரிக் கொள்கிறேன்
தே பெய்னாஸ் – நீ வாரிக் கொள்கிறாய்
சே பெய்னா – அவன் அல்லது அவள் வாரிக் கொள்கிறாள்
நோஸ் பெய்னாமோஸ் – நாம் வாரிக் கொள்கிறோம்
ஓஸ் பெய்னாய்ஸ் – நீங்கள் எல்லாரும் வாரிக் கொள்கிறீர்கள்
சே பெய்னான் – அவர்கள் வாரிக் கொள்கிறார்கள்

இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல் இல்லாமலே ஆள் தெரிகிறதல்லவா? நம் 'வாருகிறேன்' என்பதில் 'ஏன்' என்ற ஈறு நானைக் காட்டுவது போல, அங்கே 'ஓ' காட்டுகிறது. நம் 'ஆய்'க்கு அங்கே 'ஆஸ்'. நம் 'ஓம்'முக்கு அங்கே 'ஆமோஸ்'. இங்கிலீஷ் மட்டும் படித்தவர்களுக்கு இது பெரிய மலை. நமக்குப் பழகின வீதி. ஒரு வித்தியாசம் உண்டு: அவர்கள் வினை ஆணா பெண்ணா என்று சொல்லாது. பேரன் வாரிக் கொண்டாலும் பேத்தி வாரிக் கொண்டாலும் ஒரே 'சே பெய்னா'தான்.

இப்போது முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தமிழில் 'வாரி' அப்படியே நிற்கிறது, மாறுவதெல்லாம் 'கொள்'தான். கொண்டேன், கொள்கிறேன், கொள்வேன் என்று காலமும் ஆளும் அதன் தலையிலேயே ஏறுகின்றன. ஸ்பானியத்திலோ வேலையைப் பங்கு போட்டுக் கொள்கிறார்கள். ஆள் மாறினால் கொம்பும் மாறும், வினையும் மாறும். காலம் மாறினால் வினை மட்டும் மாறும். 'மே பெய்னோ' – வாரிக் கொள்கிறேன். 'மே பெய்னே' – வாரிக் கொண்டேன். 'மே பெய்னாரே' – வாரிக் கொள்வேன். 'மே' மூன்றிலும் அசையவில்லை, பாருங்கள்.

கொம்பும் வினையும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும் என்பதுதான் முழு விதி. காட்டாவிட்டால்? பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள், அர்த்தம்தான் மாறிவிடும். 'தே பெய்னோ' என்றால், 'உனக்கு நான் வாரிவிடுகிறேன்'! கொம்பு உன்னைக் காட்டுகிறது, வினை என்னைக் காட்டுகிறது. ஆக, 'வாரிக் கொள்கிறேன்' என்பதற்கும் 'வாரிவிடுகிறேன்' என்பதற்கும் நடுவில் ஓர் எழுத்துத்தான் தூரம்.

இன்னொரு சந்தோஷமான ஒற்றுமை. சாப்பிட்டு எழுந்து என்ன சொல்கிறோம்? "கை கழுவிக் கொண்டேன்" என்கிறோம். 'என் கையைக் கழுவினேன்' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. கொள் வந்துவிட்டதே, பிறகு எதற்கு 'என்'? இங்கிலீஷ்காரர்கள் மட்டும் 'என் கைகளை' என்று உரிமை கொண்டாடியாக வேண்டும். ஸ்பானியரும் நம்மைப் போலவே, 'மே லாபோ லாஸ் மானோஸ்' என்கிறார்கள். 'கைகளைக் கழுவிக் கொள்கிறேன்' என்பதுதான் அது, 'என்' கிடையாது. (எழுத்தில் 'வ' போட்டிருக்கும், காதுக்கு மெல்லிய 'ப' போலக் கேட்கும். பயப்படாதீர்கள்.)

இரண்டு பேர் சேர்ந்தால்? "பேசிக் கொண்டார்கள்", "அடித்துக் கொண்டார்கள்" என்கிறோம். தன்னைத் தானே அடித்ததாக யாரும் எடுத்துக் கொள்வதில்லை; ஒருவரை ஒருவர். ஸ்பானியத்திலும் அதே 'சே' இந்த வேலையையும் பார்க்கிறது. 'சே ஆப்லான்' என்றால் பேசிக் கொள்கிறார்கள். 'நோ சே ஆப்லான்' என்றால் பேச்சு வார்த்தை இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகும் முன் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டிய வாக்கியமல்லவா?

ஆனால் எல்லாக் 'கொள்'ளையும் 'சே' ஆக்கிவிடக் கூடாது. "படித்துக் கொண்டிருக்கிறாள்" என்பதில் உள்ள 'கொண்டு' தனக்காக என்று சொல்ல வரவில்லை. வேலை இன்னும் நடக்கிறது என்று காட்டத்தான் வந்திருக்கிறது. அங்கே 'சே'க்கு இடமில்லை. அதே போல எல்லாச் 'சே'யும் 'கொள்' ஆகாது. 'இர்' என்றால் போ. 'இர்சே' என்றால் போய்விடு. 'தொர்மிர்' என்றால் தூங்கு. 'தொர்மிர்சே' என்றால் தூங்கிப் போய்விடு. நாம் 'விடு', 'போ' என்ற துணைவினைகளிடம் ஒப்படைத்த வேலையில் கொஞ்சத்தையும் அவர்கள் 'சே'யிடமே கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த உபயோகம் ஒன்று உண்டு. கையிலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தால் ஸ்பானிய இல்லத்தரசி என்ன சொல்வாள்? 'சே மே கயோ எல் பாசோ.' டம்ளர் தானாகவே விழுந்துவிட்டது. பாவம், எனக்கு நேர்ந்துவிட்டது! நாம் மட்டும் என்ன? "கை தவறி விழுந்துவிட்டது", "பால் பொங்கிவிட்டது" என்றுதானே சொல்கிறோம்? 'நான் போட்டேன்', 'நான் பொங்கவிட்டேன்' என்று எந்த ஊரிலாவது கேட்டதுண்டா?

குழந்தையிடம் பேசுவதற்கு ஏவல் வாக்கியம் வேண்டுமே! அதில் ஒரு வேடிக்கை. கட்டளை இடும்போது கொம்பு பின்னால் போய் வாலாகிவிடும். 'எழுந்திரு' என்பதற்கு 'லெபாந்ததே!' என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நம் காதுக்கு 'செய்யாதே, போகாதே' என்று விலக்குவது போலவே கேட்கிறது. அங்கே தாய் பிள்ளையைப் படுக்கையிலிருந்து எழுப்பத்தான் அப்படிச் சொல்கிறாள்! நிஜமாகவே விலக்க வேண்டுமானால் 'நோ தே லெபாந்தெஸ்' – எழுந்திருக்காதே. 'தே' மறுபடி முன்னால் வந்துவிட்டது, கவனியுங்கள்.

மரியாதையும் மறக்கக் கூடாது. பேரனின் சிநேகிதனைப் பெயர் கேட்டால் 'கோமோ தே யாமாஸ்?' அவன் ஆசிரியையைக் கேட்டால் 'கோமோ சே யாமா உஸ்தெத்?' முதலில் 'நீ', இரண்டாவதில் 'நீங்கள்'. 'உன்னை எப்படி அழைத்துக் கொள்கிறாய்?' என்பதுதான் நேர் அர்த்தம். பதில், 'மே யாமோ' என்று சொல்லி உங்கள் பெயர். ஸ்பானியம் ஆட்சிமொழியாக உள்ள நாடுகள் சுமார் 20. ஸ்பெயினில் வழங்கும் அந்த 'ஓஸ்', தென் அமெரிக்க நாடுகளில் கிடையாது. அங்கே பலரையும் 'சே' போட்டே பேசிவிடுவார்கள். உங்கள் பேரன் மாட்ரிட்டில் இருப்பதால் 'ஓஸ்' உங்களுக்கு அவசியம்.

"இந்த வயதில் எதற்கு?" என்ற கேலிக்கு வருவோம். அதற்குப் புதுக்கோட்டைச் சீமையே பதில் சொல்லும்.

உங்கள் மாவட்டத்தில் ஆவூர் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அங்கேயுள்ள பழைய மாதா கோயிலில் வீரமாமுனிவர் பணிபுரிந்ததாகச் சொல்வார்கள். அவர் 1680ல் இத்தாலியில் பிறந்தவர். தமிழ் மண்ணில் கால் வைத்தபோது முப்பது வயதை எட்டியிருந்தார். இத்தாலியமும் ஸ்பானியமும் லத்தீன் வயிற்றில் பிறந்த சகோதரிகள். 'மி, தி, சி' என்று அதே கொம்புகள் இத்தாலியத்திலும் உண்டு. கொம்பு வைத்துப் பேசிய நாக்கு நம் 'கொள்'ளைக் கற்றுக் கொண்டது, தேம்பாவணி பாடியது, தமிழுக்கு அகராதியும் இலக்கணமும் எழுதியது. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஒருவர் வர முடிந்தால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நீங்கள் போக முடியாதா?

முத்துலட்சுமி ரெட்டி 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், மன்னரின் அனுமதி பெற்றுச் சேர்ந்தார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று டாக்டராக வெளியே வந்தார். அப்போதும், "பெண்ணுக்கு எதற்கு?" என்று கேட்டவர்கள் இருந்திருக்கமாட்டார்களா, என்ன!

அதற்கு ஏறக்குறைய 80 ஆண்டு கழித்து நடந்ததை உங்களில் பலர் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்து கொண்டது. வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், பால்வாடி ஆசிரியைகள், கிராம நர்சுகள் என்று பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் பலர் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாம் என்று அதையே சௌகரியமாக்கிக் கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி, நாடெங்கும் தெரிந்தது.

இதில் எனக்கு ஓர் இலக்கணப் பாடம் தெரிகிறது. நம் மொழியில் 'கொள்' என்பதற்கு எதிரே நிற்பது 'கொடு'. 'கொள்வினை, கொடுப்பினை' என்று சம்பந்தம் பேசுகிறோமே, அதே ஜோடி. எழுதிக் கொள், எழுதிக் கொடு. கற்றுக் கொள், கற்றுக் கொடு. ஒரு குடும்ப ஸ்திரீயின் நாள் முழுதும் 'கொடு' பக்கம்தான் ஓடுகிறது. சமைத்துக் கொடு, எடுத்துக் கொடு, துவைத்துக் கொடு, பாடம் சொல்லிக் கொடு. அவளுக்கு 'கொள்' கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. புக்ககம் புறப்படும்போதே மடி நிறையக் கட்டித் தருகிறோம்: பொறுத்துக் கொள், அடக்கிக் கொள், அனுசரித்துக் கொள், வீட்டைப் பார்த்துக் கொள்! அந்த மூட்டையில் 'கற்றுக் கொள்' என்பதைச் சேர்க்கத்தான் மறந்துவிடுகிறோம்.

சைக்கிள் விஷயத்தில் ஒருத்திக்காக இன்னொருத்தி கற்றுக் கொள்ள முடியாது. பின்னால் பிடித்துக் கொண்டு ஓடி வரலாம். ஒரு கட்டத்தில் கையை விட்டாக வேண்டும். பாஷையும் அப்படித்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பேரன் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்லலாம். ஆனால் பாட்டியும் பேரனும் பேசிக் கொண்டதாக அது ஆகாது.

ஆகவே சகோதரி, இந்த வாரம் ஒரே ஒரு பயிற்சி. உங்கள் ஒரு நாளை ஸ்பானியத்தில் சொல்லிப் பாருங்கள். மே தெஸ்பியெர்தோ – விழித்துக் கொள்கிறேன். மே லெபாந்தோ – எழுந்து கொள்கிறேன். மே லாபோ – கழுவிக் கொள்கிறேன். மே பெய்னோ – வாரிக் கொள்கிறேன். மே பிஸ்தோ – உடுத்திக் கொள்கிறேன். மே சியெந்தோ – உட்கார்ந்து கொள்கிறேன். மே அக்குவெஸ்தோ – படுத்துக் கொள்கிறேன். இவற்றில் சில, நடுவிலே கொஞ்சம் உருவம் மாறும். 'அக்கோஸ்தார்சே' என்பது 'மே அக்குவெஸ்தோ' ஆகும். 'நாம்' என்று வரும்போது 'நோஸ் அக்கோஸ்தாமோஸ்' என்று பழைய உருவத்துக்கே திரும்பிவிடும். இதற்கெல்லாம் மலைக்கலாமா? 'வா' என்ற ஒரே எழுத்து வந்தேன், வருகிறேன் என்று உருவம் மாறுவதை, சிலேட்டுப் பிடிக்கத் தெரியாத வயதிலேயே கற்றுக் கொண்டவர்கள் நாம்!

கடைசியாக இரண்டு வினைகள். கொம்பில்லாமல் சில ஸ்பானிய வினைகள் வழக்கிலேயே வருவதில்லை. நம் 'ஒப்புக் கொள்' என்பதில் 'கொள்'ளை எடுத்துவிட்டால் சொல்லே நிற்காதல்லவா, அது போல. அவற்றில் ஒன்று 'கெஹார்சே' – குறைப்பட்டுக் கொள்வது, புலம்புவது. இன்னொன்று 'அத்ரெபெர்சே' – துணிவது. 'மே கெஹோ' என்றால் புலம்புகிறேன். 'மே அத்ரெபோ' என்றால் துணிகிறேன். இரண்டுக்கும் முன்னால் நிற்பது அதே 'மே'தான்.

முதலாவதை மனப்பாடம் செய்ய நமக்குப் பாடப் புத்தகம் தேவையில்லை. இரண்டாவதற்கு வாய்பாடு இதோ: மே அத்ரெபோ, தே அத்ரெபெஸ், சே அத்ரெபெ, நோஸ் அத்ரெபேமோஸ், ஓஸ் அத்ரெபெய்ஸ், சே அத்ரெபென். காலையில் தலை வாரிக் கொள்ளும்போது கண்ணாடிக்கு முன்னால் தினம் ஒரு முறை சொல்லுங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும்.